கரி குறைந்தால் டீசல் மிச்சமாகும்
சுமை வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

திருவண்ணாமலை மாவட்டம் சந்தவாசல் வட்டாரத்தில் நெல், வேர்க்கடலை, கரும்பு, வாழை முதலியவை பயிராகின்றன. விளைந்த பொருள் ஆரணி, போளூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கோ, வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கோ போய்ச் சேர்ந்தால்தான் காசாகும். ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் வாடகை லாரியும் செய்த இந்த வேலையை இப்போது பெரும்பாலும் சிறிய டீசல் வண்டிகள் செய்கின்றன. 2005-ல் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பிறகு "குட்டி யானை" என்ற செல்லப்பெயர் கிராமங்களிலும் பரவிவிட்டது. அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளையும் கடன் வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் பலர்.

மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர் ஆகிய செலவுகளை விவசாயி எளிதில் குறைக்க முடியாது. டீசல் செலவு அப்படியல்ல. அதில் ஒரு பகுதி அவருடைய கையில்தான் இருக்கிறது. சைலன்சர் வாயில் கருப்பாகப் படியும் கரி, விலை கொடுத்து வாங்கியும் முழுதாக எரியாமல் போன டீசலே ஆகும். கரியைக் குறைக்கும் முறைகளில் பெரும்பாலானவை டீசலையும் மிச்சப்படுத்தும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. முறையான பராமரிப்பும் ஓட்டும் பழக்கமும் போதும்.

கரி உண்டாவது எப்படி?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை பிஸ்டன் பதினைந்து மடங்குக்கும் மேலாக அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகிறது. அந்த நேரத்தில் நாசில் வழியாக டீசல் பனிபோல் பீச்சப்படுகிறது. சூட்டில் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்குப் பார்த்தால் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று ஆகிறது. காற்று போதாமல் போனாலும், டீசல் பனிபோல் பிரியாமல் சொட்டுச் சொட்டாக விழுந்தாலும், எரியாத பகுதி கரியாக மாறுகிறது. ஆகவே கரிக்கு மூலகாரணம் இரண்டு. ஒன்று காற்றுக் குறைவு, மற்றொன்று டீசல் சரியாகத் தூவப்படாமை. எஞ்சினின் சக்திக்கு மீறிச் சுமை ஏற்றுவதும் முதல் காரணத்திலேயே அடங்கும். சுமை கூடும்போது டீசல் அதிகமாகப் பாய்கிறது, ஆனால் காற்று அதற்கு ஈடாக வருவதில்லை.

புகையின் நிறத்தைப் பார்க்கவும்

மாட்டின் சாணத்தைப் பார்த்து வயிற்றுக்கோளாறை அறிவதுபோல், புகையைப் பார்த்து எஞ்சினின் நிலையை ஓரளவு அறியலாம். கருப்புப் புகை வந்தால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம் என்று பொருள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் போய் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு, டர்போ ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் பற்றாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்தால் இரண்டாவது காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் வண்டியை ஓட்டாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

டீசல் துகள் வடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளில் கருப்புப் புகை கண்ணுக்குத் தெரியாது. அந்த வண்டிகளைப் பற்றிப் பின்னால் கூறப்பட்டுள்ளது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலரிடம் கணக்கு இருப்பதில்லை. 500 ரூபாய்க்கு ஒருநாள், 1,000 ரூபாய்க்கு ஒருநாள் என்று டீசல் போட்டால் கணக்குத் தெரியாது. ஒருநாள் டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாட்கள் ஓடிய பிறகு மறுபடியும் டேங்க்கை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் சரியான மைலேஜ் கிடைக்கும். ஒரே பங்க்கில் நிரப்பினால் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கும். அன்றைய சுமையையும் சாலையையும் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

ஓர் உதாரணம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்து வந்தது, கவனிப்பில்லாமல் 12 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டருக்கு முன்பு 1,714 லிட்டர் ஆனது, இப்போது 2,000 லிட்டர் ஆகும். வித்தியாசம் 286 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய ஏர் பில்டர், டீசல் பில்டர், எஞ்சின் ஆயில் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

காற்று வரும் வழி

கிராமத்து வண்டி ஓடுவது மண் பாதையில். நெல் அடிக்கும் களத்திலும், வேர்க்கடலை பறிக்கும் வயலிலும், செங்கல் சூளையிலும் அது நிற்கிறது. நகரத்து வண்டிக்கு எழுதிய கால அளவு இதற்குப் பொருந்தாது. கையேட்டில் தூசி மிகுந்த இடத்துக்குத் தனியாகக் குறிப்பிட்டிருக்கும் கால அளவையே பின்பற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பது அவசியம்.

காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. தரையில் தட்டவும் கூடாது. ஊதிச் சுத்தம் செய்யலாம் என்று கையேடு சொன்னால், குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். கிழிந்த பில்டரைப் போட்டு ஓட்டுவது மிகவும் கெடுதி. உள்ளே போகும் மண் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

டர்போ உள்ள வண்டியில் காற்றுக் குழாயின் ரப்பர் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, அழுத்தப்பட்ட காற்று வழியிலேயே வெளியேறிவிடும். வண்டி திடீரென்று இழுவை இழந்து கருப்புப் புகை கக்கினால், நாசிலைக் கழற்றுவதற்கு முன்பு இந்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் தீரும் கோளாறு பல ஆயிரம் ரூபாய் செலவில் முடிவது உண்டு.

இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டிகளில் வெளியேறும் புகையில் ஒரு பகுதி மறுபடியும் காற்றுக் குழாய்க்குள் விடப்படுகிறது. நச்சு வாயுவைக் குறைக்க இந்த ஏற்பாடு. அடுப்படிப் புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிவதுபோல், இந்த வால்விலும் குழாயிலும் கரி படிகிறது. வால்வு ஒட்டிக்கொண்டால் வண்டி திணறும். பெரிய சர்வீசின்போது இதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். சிலர் இதைத் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது தவறு.

டீசலின் சுத்தம்

வயல் மோட்டாருக்கு வாங்கி வைத்த கேன் டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றும் வழக்கம் உண்டு. திறந்து கிடந்த கேனில் தண்ணீரும் தூசியும் துருவும் சேர்ந்திருக்கும். இவை நாசிலின் நுண்ணிய துளைகளைக் கெடுக்கும். இக்கால வண்டிகளில் டீசல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. அவ்வளவு நுட்பமான கருவிக்குத் துளித் தண்ணீரும் ஆகாது. டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும். இரவில் டேங்க்கைக் காலியாக விடாமல் இருந்தால் உள்ளே பனித்துக் கட்டும் நீரும் குறையும்.

மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம். அது லாபமும் அல்ல. பம்ப்புக்கும் நாசிலுக்கும் உராய்வைக் குறைப்பது டீசலில் உள்ள வழவழப்புத்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து, பம்ப்பை இழப்பதாக முடியும்.

பழைய வண்டிகளில் "இழுவை போதவில்லை" என்று பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைக்கச் சொல்வது இன்னொரு தவறு. காற்று அதே அளவுதான் வருகிறது. கூடுதலாகப் போகும் டீசலில் பெரும்பகுதி கரியாகவே வெளியேறும். நாசிலின் தூவலையும் பம்ப்பின் டைமிங்கையும் டீசல் பம்ப் பட்டறையில் சோதித்துச் சரிசெய்வதே முறை. புதிய வண்டிகளில் உயர் அழுத்தக் குழாயைத் தாமாகக் கழற்றிப் பார்க்கக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சுமை, டயர், வேகம்

டயரில் காற்று குறைந்தால் வண்டியை உருட்ட அதிக சக்தி வேண்டும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். சுமை ஏற்றும்போது பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. சமதரையில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக்கைக் கவனிக்க வேண்டும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ஒரே நடையில் வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் கரி, கிளட்ச், டயர், பட்டை ஸ்பிரிங் எல்லாவற்றிலும் அந்த லாபம் கரைந்துபோகும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று உள்ளது. இதைவிட நல்ல வழி, திரும்பும்போது காலியாக வராமல் இருப்பது. வேலூருக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்பவர் திரும்பும்போது பக்கத்து விவசாயிகளுக்கான தீவனமோ உரமோ ஏற்றி வந்தால், அதே டீசல் இரண்டு வேலை செய்கிறது.

1978-ல் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று கூறிவருகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை மிகவும் அதிகமாகிறது. தார்ப்பாயைத் தளர்வாக விட்டால் அது காற்றில் புடைத்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இறுக்கிக் கட்ட வேண்டும்.

காலையில் பத்து நிமிடம் வண்டியை நின்றபடி ஓடவிடுவது வீண். அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டியே எஞ்சினைச் சூடாக்கலாம். சுமை ஏற்றி இறக்கும் நேரத்திலும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆனால் டர்போ வண்டி மேடேறிக் களைத்து வந்தவுடன் சட்டென்று நிறுத்தாமல், ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் ஏறும்போது, எஞ்சின் முக்கும்வரை பெரிய கியரிலேயே வைத்திருக்கக் கூடாது. உரிய நேரத்தில் கியரைக் குறைத்தால் கரி குறையும். இறங்கும்போது நியூட்ரலில் விடுவது ஆபத்து. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசலும் மிச்சமாவதில்லை. இக்கால எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பாய்வது அடியோடு நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் டீசல் குடித்துக்கொண்டிருக்கும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.4 விதியும், 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ்.6 விதியும் நடைமுறைக்கு வந்தன. பத்து லட்சம் பங்கு டீசலில் 50 பங்கு வரை இருந்த கந்தகம் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சருக்கு முன்னால் டீசல் துகள் வடிகட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை டி.பி.எப். என்பார்கள். தேன்கூடுபோன்ற இந்தப் பீங்கான் வடிகட்டி கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. கரி நிறைந்ததும் எஞ்சின் தானாகவே வடிகட்டியின் சூட்டை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்தி அதை எரித்துவிடுகிறது.

இங்கேதான் கிராமத்து வண்டிக்குச் சிக்கல். சந்தவாசலிலிருந்து படவேட்டுக்கும், வயலிலிருந்து வீட்டுக்குமாகச் சில கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் போதிய சூடேறுவதில்லை. கரி எரியும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. அதற்காகப் பீச்சிய டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

ஆகவே குறுகிய தூரம் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறையாவது போளூர் அல்லது வேலூர் சாலையில் இருபது நிமிடம் நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகும் நாளே இதற்குப் போதும். வடிகட்டி விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல் கையேட்டில் கூறியபடி செய்ய வேண்டும். தொடர்ந்து அலட்சியம் செய்தால் வண்டி இழுவை குறைந்து நிற்கும். புதிய வடிகட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

கரி எரியும் நேரத்தில் வண்டியின் அடிப்பாகம் மிகவும் சூடாக இருக்கும். அப்போது வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த புல் ஆகியவற்றின்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கக்கூடும்.

வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் உண்டு. கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் டிராக்டர் ஆயிலை ஊற்றக் கூடாது. கரி எரிந்துபோகும், ஆனால் ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி அடைத்துவிடும்.

வயல் யூரியா வேண்டாம்

சில பிக்கப் வண்டிகளில் டீசலோடு தனி டேங்க்கில் யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். இது 32.5 சதவீதம் மிகத் தூய யூரியாவை உப்பு நீக்கிய நீரில் கரைத்தது. வீட்டில் மூட்டை யூரியா இருக்கும்போது கடையில் ஏன் வாங்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. 2015 முதல் நாட்டில் விவசாயத்துக்குத் தரப்படும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டது. கிணற்று நீரில் உப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து குழாயிலும் ஊசித்துளையிலும் படிந்து, புகையைச் சுத்தம் செய்யும் பகுதியையே கெடுத்துவிடும். மானிய யூரியாவை விவசாயம் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் விரோதமானது.

குறுக்கு வழிகள்

டீசலில் ஊற்றினால் மைலேஜ் பெருகும் என்று விற்கப்படும் புட்டிகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். தேய்ந்த நாசிலையும் கிழிந்த பில்டரையும் எந்த மருந்தும் சரிசெய்யாது. வாங்கித்தான் பார்ப்பது என்றால், வண்டிக் கம்பெனி அனுமதித்ததா என்று கேட்டு, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் நோட்டில் கணக்கு எழுதிப் பார்க்கவும்.

வடிகட்டியை உடைத்தெடுத்துவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. மாசு விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் உடல்நலம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ஓட்டுபவரும், பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களும், வாசலில் விளையாடும் குழந்தைகளும்தான். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

எப்போது எதைப் பார்ப்பது?

தினமும்: எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், புகையின் நிறம், அடியில் கசிவு.

வாரம் ஒருமுறை: டயர் காற்று, அறுவடைக் காலத்தில் ஏர் பில்டர், வடிகட்டி உள்ள வண்டிக்கு இருபது நிமிட நெடுஞ்சாலை ஓட்டம்.

மாதம் ஒருமுறை: டீசல் பில்டரில் தண்ணீர் வடித்தல், காற்றுக் குழாய் கிளிப்புகள், பிரேக் சூடு, மைலேஜ் கணக்கு.

கையேட்டில் கூறிய கிலோமீட்டரில்: ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், ஏர் பில்டர் மாற்றுதல், நாசில், இ.ஜி.ஆர். வால்வு சோதனை, சக்கர நேர் பார்த்தல்.

புகைச் சோதனைச் சான்றிதழை பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு முந்திய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். சோதனையில் வரும் எண்ணை நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை கரி கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

நோட்டில் மைலேஜ் தொடர்ந்து இரண்டு முறை குறைந்தால் மூன்றாம் முறைவரை காத்திருக்க வேண்டாம். முதலில் டயர் காற்று, அடுத்து ஏர் பில்டர், பிறகு டீசல் பில்டர், கடைசியாக நாசில் என்ற வரிசையில் பார்த்து வந்தால், செலவு குறைந்த கோளாறு முதலிலேயே அகப்பட்டுவிடும்.